பிரோஷ்காவின் மஞ்சள் காக்காப்பொன்

எங்கள் பிராங்க்ளின் ஊரில் பட்டப்பகலில் பழைய சுரங்கத்தின் கல்மேட்டில் கறுப்புத் தார்ப்பாய் ஒன்று அசைந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். அடியில் யாரோ இருட்டு உண்டாக்கி, புற ஊதா விளக்கைப் பிடித்து ஒளிரும் கல்லைத் தேடுகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநரம்மா பிரோஷ்காதான். காலையில் எங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே கிடப்பார். பத்து வருடம் அவர் ஓட்டிய பேருந்தில் போனேன். என் பெயரைவிடக் கற்களின் பெயர்தான் அவருக்குச் சட்டென்று வரும்.

பச்சையாக ஒளிரும் கல்லும் சிவப்பாக ஒளிரும் கல்லும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர் தேடியது மஞ்சளாக ஒளிரும் காக்காப்பொன், அதாவது மைக்கா. ஊரின் செப்டம்பர் கல் கண்காட்சியில் உள்ளூர்க் கற்களின் மேசையில் அதை வைத்தே தீர வேண்டும் என்று மூன்று வருடமாக ஒற்றைக்காலில் நின்றார். மேசைக்குப் பொறுப்பான டென்சில், "காக்காப்பொன் வெயில்ல மினுக்கும்மா, விளக்குல ஒளிராது" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்.

இந்த வருடம் மேசையில் ஒரே ஓர் இடம் மீதி. பிரோஷ்கா உள்ளங்கை அகலத்தில் பழுப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இருவரும் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்கள். வெளியே நின்ற எங்களுக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

"நீலமால்ல இருக்கு" என்றார் டென்சில். "எதுல கழுவுன?"

"துணி சோப்புத்தூள்ல. மூணு தடவ."

"சோப்புத்தூள்தான் இந்த விளக்குல நீலமா ஒளிரும். அதான் என் சட்டைக் காலரும் உன் கல்லும் அண்ணன் தம்பி மாதிரி ஒளிருது. முப்பது வருசமா கல் பொறுக்குறவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"தெரியும்யா. மேடைக்குப் போற புள்ளன்னு குளிப்பாட்டிட்டேன்."

பிறகு, "உன் பேனாக்கத்தியக் குடு" என்றார் பிரோஷ்கா. காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும். ஒவ்வொன்றாக உரித்து வெளியே போடத் தொடங்கினார்.

"இன்னும் நீலந்தான். இடுக்கெல்லாம் சோப்பு ஏறிக் கெடக்கு. இப்படியே உரிச்சா வெறுங்கைதான் மிஞ்சும் பாத்துக்க."

"மிஞ்சுறத வச்சுக்கிறேன். நீ வாய மூடிட்டு விளக்கப் புடி."

இன்னும் ஏழெட்டு ஏடுகள் துணிக்கு வெளியே வந்து விழுந்தன. டென்சில் இருமினார். "மஞ்சள்... லேசா."

"லேசா என்ன லேசா. மஞ்சள்னா மஞ்சள்தான்."

துணியை விலக்கியபோது அவர் கையில் இருந்தது சுண்டுவிரல் நகமளவு. டென்சில் அதைக் கடைசி இடத்தில் வைத்து, அட்டையில் 'காக்காப்பொன், மங்கிய மஞ்சள்' என்று எழுதினார்.

கண்காட்சி நடந்த இரண்டு நாளும் பிரோஷ்கா அங்கிருந்து நகரவில்லை. புற ஊதா விளக்கின் கீழ் பக்கத்துக் கல் வீசிய பச்சையில் யார் கண்ணுக்கும் அது படவில்லை. வந்தவர்களையெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பச்சையப் பாக்காத. அதுக்குக் கீழ பாரு. கொஞ்சம் நில்லு, கண்ணு பழகட்டும்."

நானும் நின்றேன். அந்த மஞ்சள் தெரிய எனக்கு மூன்று நிமிடம் ஆனது.