பறவைக்குப் பக்கத்தில் நின்ற ஆள்

தொண்ணூறுகளில் ஒருநாள், ஹம்பேர்க்கிலிருந்து ஹெல்கோலாந்து தீவுக்குப் போன கப்பலில்தான் அந்தத் தமிழ் அண்ணையைச் சந்தித்தேன். மெலிந்த முகம், தொளதொளத்த மழைக்கோட்டு, கழுத்தில் கமெரா. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் என் உயிரை வாங்கியது.

தீவின் பாறை முழுக்க வெள்ளைக் கடற்பறவைகள். நானோ கீழே நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தவறவிட்டால் விடிய வேலைக்கு யார் போவது?

"அண்ணை, கப்பல் வெளிக்கிடப் போகுது. வாங்கோ!"

"பொறும் தம்பி. சிவத்த சொண்டுப் பஃபின் பறவை ஒண்டு வருமெண்டு சொன்னவங்கள்."

"அது வராது. இந்தப் பறவையளோட நில்லுங்கோ, நான் உங்களைப் படம் எடுக்கிறன்."

"ஐயோ, வேண்டாம். ஊரில அம்மாவுக்கு அனுப்பிற படம். நான் நிண்டால் அவ பறவையைப் பாக்கமாட்டா, மெலிஞ்சுபோனன் எண்டு அழுவா. நீர் நில்லும், பறவையின்ர அளவு தெரியட்டும்."

நின்றேன். கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். கப்பல் ஊதியது.

"சிரியும்!" என்றார். எப்படிச் சிரிப்பது?

படம் எடுத்ததும் ஓடிப்போய்க் கடைசி ஆட்களாக ஏறினோம். ஹம்பேர்க்கில் இறங்கிய பிறகு அவரைக் காணவேயில்லை. ஆனால் ஊரில் அவருடைய தாயார், படத்தில் பறவையை விட்டுவிட்டு, இது யார் பெற்ற பிள்ளை, ஏன் இப்படிப் பயந்துபோய் நிற்கிறது என்று கவலைப்பட்டிருப்பாவோ என்று எனக்கு இன்றைக்கும் யோசனை.