கல்லென்று சொல்லிவைத்தோம்

என் கணவருக்கு ஐம்பத்தாறாவது வயதில் முன்தோலை வெட்டி எடுத்தார்கள். இதை இப்படி நேராக எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேரைப் போடாம என்னத்தையும் எழுதித் தொலை" என்றார்.

அவருக்குக் கோவில்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை. நான் பசுவந்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் ஒரு பஸ், சாயந்தரம் ஒரு பஸ், நடுவில் பிள்ளைகள், வந்தால் அடுப்பு. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த கொஞ்ச நாளில் இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். என் வசதிக்காகத்தான் போகிறார் என்று முதலில் நினைத்தேன். தையல் ஆறியது. நான் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை. கேட்டால், "அங்கன புழுக்கமா இருக்கு" என்பார். மார்கழியிலும் புழுக்கமாம்! ஒன்றரை வருடம் அப்படியே ஓடிற்று. கர்ப்பப்பையோடு சேர்த்து என்னையும் வேண்டாமென்று வைத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் கடையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வேர்வை. மூத்திரம் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். சின்ன வயது டாக்டர். அவரைப் பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் அந்த இடத்தில் புண் வருவதும் ஆறுவதுமாக இருந்து தோல் இறுகிப்போயிருக்கிறது, களிம்புக்கெல்லாம் இனி கேட்காது, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒன்றரை வருஷம் இருக்கும்" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துப் பேசவா முடியும்? இவரோ அடுத்த ரகளையை ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், நாங்க அந்த ஆளுங்க இல்லையே. எங்களுக்கு எதுக்கு இது?"

டாக்டர் அலுத்துக்கொள்ளவில்லை. "இதுல மதம் எங்க வந்துச்சு அண்ணாச்சி? எல்லாம் சர்க்கரை செய்யுற வேலை" என்றார்.

மூத்திரம் போக மெல்லிய டியூப் ஒன்றை வைத்துவிட்டு, சர்க்கரை இறங்க மாத்திரையும் ஊசியும் கொடுத்து, அது இறங்கிய பிறகு அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் வீட்டில் ஒரே பேச்சுதான். வெளியே தெரிந்தால் கடையில் எப்படி உட்காருவது, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள். யார் கேட்டாலும் கிட்னியில் கல் என்று சொல்லிவிடுவோம் என்றார். அந்த நிலையில் நான் வேறு என்ன சொல்ல? சரி என்றேன்.

அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர்களுக்கு ஜவுளிக்கடை, முஸ்லிம் குடும்பம். சமீபத்தில்தான் அவர்கள் பேரனுக்குச் சுன்னத்துக் கல்யாணம் நடந்திருந்தது. பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டார்கள், இவரும் வந்து பிரியாணி சாப்பிட்டார். மாலையும் ஜரிகைத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த பயலின் கன்னத்தைக் கிள்ளிக் கையில் பணம் வைத்தவர் இவர்தான். இப்போது இவருக்கும் அதே வெட்டுதான் என்று சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்களுக்கு ஊரைக் கூட்டிச் செய்யுத காரியம். ஒங்க வீட்டுக்காரவுக ஒளிஞ்சு செய்யுதாவளாக்கும்!" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் பய என்னத்த மாலை போட்டாலும் ராவெல்லாம் அழுதான் தங்கச்சி. வலி வலிதான. ஒண்ணு செய். இடுப்புல கட்டுத சாரத்துக்கு நடுவுல கயித்தக் கட்டி மேல தூக்கித் தொங்க விட்டுரு. துணி உரசாது. எங்க பிள்ளையளுக்கு அப்படித்தான் செய்வோம்" என்றார்.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கம்பியிலிருந்து கயிறு இழுத்து அக்கா சொன்னபடியே கட்டினேன். நல்ல மனிதர் கூடாரத்துக்குள் படுத்திருந்தார். வலி குறைந்தது என்று அவரே சொன்னார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "கயித்த அவுருட்டி, அவுரு!" என்று அலறுவார். நான் ஓடி வந்து கயிற்றை அவிழ்த்து, போர்வையைப் போட்டு மூடுவேன். ஆள் போனதும் மறுபடி கட்டுவேன். லீவு போட்டு வீட்டில் இருந்த எனக்கு அதுதான் உத்தியோகம்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கல் கரைவதற்கு மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கிப் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். நான் கயிற்றை அவிழ்க்குமுன் உள்ளேயே வந்துவிட்டார். கொசுவலை கட்டப் பார்த்தோம் என்று ஒரு பொய். வாழைத்தண்டுச் சாற்றைப் பெரிய டம்ளரில் ஊற்றி, நின்று குடிக்கவைத்தார். தையல் போட்ட இடத்தில் சொட்டு மூத்திரம் பட்டாலே இவர் துடிப்பார். மூன்றாவது டம்ளருக்குப் பிறகு கேட்கவா வேண்டும். குளியலறைக்குள் இருந்து "யம்மா, யம்மா" என்று சத்தம்.

"பாத்தியாட்டி, கல்லு கரையுது!" என்றார் நாத்தனார்.

சிரித்திருப்பேன். அதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது. "தண்ணி குடிச்சானா, சாப்பிட்டானான்னு நீ என்னைக்குப் பாத்த? விடியும் முன்ன பையத் தூக்கிட்டு பஸ் ஏறிருத. அவன் கடையில காஞ்சு கெடக்கான். கல்லு வராம என்ன செய்யும்? கர்ப்பப்பைய எடுத்ததுல இருந்தே ஒனக்கு வீட்டு மேல நெனப்பில்லைன்னு ஊரே சொல்லுது."

இவர் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைப் பார்த்தார், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அடுப்படிக்குப் போய் மிச்சத் தண்டை நறுக்கினேன்.

என் அறுவையின்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றவர்கள் இதே வீட்டில்தான் ரத்தம் எவ்வளவு போச்சு, கட்டி எத்தனை பெரிசு என்று சத்தமாகப் பேசினார்கள். புண்ணாக்கு வாங்க வந்தவர்களிடம் இவரே கையை விரித்து அளவு காட்டினார். என் உடம்பு ஊருக்கே திறந்து கிடந்தது. இவருடைய இத்துனூண்டு தோலுக்கு நான் பொய் சொல்லிக் காவல் காக்க வேண்டும், அந்தப் பொய்க்குப் பழியும் நானே சுமக்க வேண்டும். என்ன நியாயம் இது?

நாத்தனார் ஊருக்குப் போன பிறகு, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒன்றரை வருஷமா சொல்லலையே, ஏன்?"

"ஒனக்கே ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த. அந்த நேரத்துல இதையும் சொல்லணுமான்னு விட்டேன். பொறவு சொல்ல வெக்கமாப் போச்சு."

"தள்ளிப் படுத்தது அதுக்காகவா?"

"பின்ன எதுக்கு?"

"நான் இனிமே பொம்பளையே இல்லைன்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

பிசைந்த சோறு கையில் இருக்க என்னையே பார்த்தார். "அப்படியாட்டி நெனச்ச?" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அது அவருக்குத் தோன்றியதே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் போன் செய்தார். கல் விழுந்ததா என்று கேட்கத்தான். வழக்கமாக இவர் என்னைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டுவார். அன்றைக்குப் போனை அவரே வாங்கினார்.

"எக்கா, எனக்குக் கல்லுமில்ல, மண்ணுமில்ல. முன்தோல வெட்டி எடுத்திருக்கு. சர்க்கரைய நான்தான் கவனிக்கல. மூத்திரம் போக முடியாமக் கெடந்தவன இவதான் தூக்கிட்டு ஓடுனா. அவள ஒரு சொல்லுச் சொல்லாத. ஊருல யாரு கேட்டாலும் இதையே சொல்லு, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

கடைசியாகச் சொன்னது பொய். காதுமடல் வரைக்கும் அவருக்குச் சிவந்திருந்தது. நான் உள்ளறைக்குப் போய்ப் படுத்தேன். அன்றைக்கு எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. எழுந்து பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது, அவர் காலை அகட்டி அகட்டி நடந்துபோய் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.