சிறுவாணியும் எங்கள் கிணறும்

சிறுவாணித் தண்ணீரைப் போல ருசி எங்கும் கிடையாது என்று கோயமுத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் அப்பாவாகத்தான் இருக்க முடியும். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் அவருக்கு உசத்தி. உண்மையில் அது லேசான உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

தொண்ணூறுகளில் அக்காவைக் கோயமுத்தூர் உக்கடத்தில் கட்டிக்கொடுத்தோம். குழாயைத் திறந்தால் சிறுவாணி வரும் வீடு. அந்த வீட்டுக்குத்தான் அப்பா மாதாமாதம் ஒரு வெள்ளைக் கேனில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கே தண்ணி கொண்டுபோறீங்களா?" என்பார் கண்டக்டர்.

"புள்ளைக்கு அந்தத் தண்ணி சேராதுங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்வார் அப்பா.

அக்காவும் அவர் கண்முன்னால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "நம்ம தண்ணி மாதிரி வராதுங்கப்பா" என்பாள். அவர் தெரு முனை திரும்பியதும் மீதி கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். மாமியாருக்கும் இது தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்களாம்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அது நடந்தது. அந்த வருஷம் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாக வரும் பெண்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். ஊரில் மற்றவர்களைப் போல அப்பாவும் மக்காச்சோளக் காட்டுக்குக் களைக்கொல்லி வாங்கிவந்தார். கிணற்று மேட்டில் டிரம்மை வைத்து மருந்தைக் கொட்டி, மோட்டார் குழாயிலிருந்து ஒரு ஹோஸை டிரம்மின் அடிவரை விட்டு, மோட்டாரைப் போட்டார். நிறைவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்தார். கரண்ட் போய்விட்டது.

மோட்டார் நின்றால், ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுக்கக் குழாயின் அடியில் ஒரு வால்வு உண்டு. எங்களுடையது தேய்ந்துபோயிருந்தது. மாற்றச் சொல்லிச் சொல்லி அம்மா சலித்திருந்தார். இறங்கிய தண்ணீர் டிரம்மில் கலந்து வைத்த மருந்தையும் ஹோஸ் வழியாக உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா திரும்பிப் போய்ப் பார்த்தபோது டிரம் காலி.

அவர் ஓடிவந்தார். என் அப்பா ஓடி நான் பார்த்ததே அன்றைக்குத்தான். அக்கா குடத்திலிருந்து மொண்ட டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். தட்டிவிட்டார்.

"குடிச்சுப்போட்டியா அம்மணி?"

"இல்லீங்கப்பா. இது நேத்துப் புடிச்சு வெச்ச தண்ணிதானுங்க."

அதைக் கேட்ட பிறகும் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தார்.

கரண்ட் வந்ததும், "எறைச்சு வெளிய உட்டுப்போடுங்க" என்றார் அம்மா. அப்பா சுவிட்சில் கையை வைத்தார், எடுத்துவிட்டார்.

"எங்க உடறது? எங்க உட்டாலும் கீழ்க்காட்டுக் கெணத்துலதான் போய் ஊறும். அவியளும் குடிக்கற தண்ணிதானே?"

நேராக, எங்களுக்குக் கீழே பள்ளத்தில் இருந்த கீழ்க்காட்டுக்காரர்களிடம் போய், தன்னால் நடந்ததைச் சொல்லி, தண்ணீரைப் பார்த்துப் புழங்கச் சொல்லிவிட்டு வந்தார். எந்தச் சண்டையிலும் தன் பக்கம் தப்பு என்று ஒத்துக்கொள்ளாத மனுஷன். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. கிணறு எப்போது சரியாகும் என்று களைக்கொல்லி வாங்கிய கடையில் கேட்டோம். விற்றவருக்கே தெரியவில்லை.

மத்தியானமே அந்த வெள்ளைக் கேனோடு பஸ் ஏறினார். இன்னொரு கேனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதே கண்டக்டர்தான். காலிக் கேனைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். உக்கடத்தில் அப்பா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் மாமியார் கேன்களை வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டார். கேலியாக ஒரு வார்த்தை பேசவில்லை. "தீந்துபோனா உடனே வாங்க சம்பந்தி" என்றார். அவர் பெரிய மனுஷி.

பிரசவம்வரை அப்பா அப்படியே தண்ணீர் சுமந்தார். நாங்கள் பஞ்சாயத்து போர்வெல் தண்ணீரைக் குடித்தோம். மண்ணுக்குள்ளிருந்து வரும் எந்தத் தண்ணீரையும் அக்காவுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் எனக்கு மறக்காதது அந்த முதல் நாள் சாயங்காலம்தான்.

கேனைத் திறந்து முதல் டம்ளரை அப்பாவே ஊற்றிக் கொடுத்தார். அக்கா குடித்தாள். அவர் மனசு நோகக்கூடாது என்று எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"நம்ம தண்ணி மாதிரி வராதுங்கப்பா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

"இதுதான் கண்ணு நல்ல தண்ணி. வயிறு நெறையக் குடி."