மீனுக்குக் காவல்

மாமா கார் வாங்கிய வருஷத்துக் கோடை விடுமுறையில்தான் நாங்கள் முதன்முதலாக ஊர் சுற்றக் கிளம்பினோம். புதுக் கார் ஒன்றும் இல்லை, யாரோ ஓட்டி ஓட்டி அலுத்துப்போன அம்பாசிடர். ஆனாலும் அதியமான்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாமா அதைத் துடைப்பார். அம்மாவின் அண்ணனான அவருக்கு மாதா கோவில் கமிட்டியில் பெரிய மரியாதை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குச் சாமியாரே பயப்படுவார் என்று அப்பா சொல்வார்.

மாமா போட்ட திட்டத்தில் மேட்டூர் அணையும் ஏற்காடு ஏரியும்தான் இருந்தன. ஒகேனக்கல் இல்லை. பக்கத்தில் இருக்கிற அருவியை விட்டுவிட்டு யாராவது தூரத்து ஏரிக்குப் போவார்களா? மாமா போவார். அதற்குக் காரணம் இருந்தது. மாமாவுக்கு இளையவளாக, அம்மாவுக்கு மூத்தவளாக எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். நான் பிறக்கும் முன்பே ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி, வேறு சாமி. அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் அவள் பெயரையும் எடுப்பதில்லை, ஒகேனக்கல் பெயரையும் எடுப்பதில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஏழு வயதில், அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

அவள் அருவிக்கரையில் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள் என்று அம்மாவுக்கு எப்படியோ சேதி வந்திருந்தது. ஒரு வேளையாவது அண்ணன் அவள் கையால் சாப்பிட்டுவிட வேண்டும், சாப்பிட்ட பிறகு கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அம்மாவின் நினைப்பு. நேரே கேட்கத் தைரியம் இல்லை. அதனால் என்னைக் கிளப்பிவிட்டாள்.

"பரிசல் பாக்கணும்னு மாமாகிட்ட அழுவு கண்ணு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாரு."

அழுவது எனக்குக் கைவந்த கலை. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் மாமா சரி என்றார். சரி என்று சொல்லும்போது அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று நான் யோசிக்கவில்லை. பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இரண்டு தடவையும் மாமா காரை நிறுத்தித் துடைத்தார்.

ஒகேனக்கல்லில் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. மீனை நாமே வாங்கி, அரிசியோடு அங்கே அடுப்பு வைத்திருக்கிற பெண்களிடம் கொடுத்துவிட வேண்டும். நாம் குளித்து, பரிசல் ஏறிவிட்டு வருவதற்குள் சோறும் குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். மீனை மாற்றிவிடுவார்கள், நடுத்துண்டைப் பதுக்கிவிடுவார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம். அதனால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தர் அடுப்படியில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா, நானே கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மீனையும் அரிசியையும் வாங்கிக்கொண்டு காவலுக்கு நின்றாள். மாமாவுக்கு அதில் பரம திருப்தி. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு நடந்தார்.

நானும் அவர்கள் பின்னால் போனேன். பாறைமேல் ஆட்களைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துப் பளார் பளார் என்று அறைந்துகொண்டிருந்தார்கள். மாமாவும் படுத்து அறை வாங்கினார். அவரை ஒருத்தர் அடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பரிசலுக்குப் போனோம். கிட்டப் போய்ப் பார்த்தால், அட, அது ஒரு பெரிய கூடை! கூடையில் உட்கார்ந்து ஆற்றில் போவதாவது? அழுதேன், இந்தத் தடவை யாரும் சொல்லித்தராமலே. மாமா தலையில் அடித்துக்கொண்டு என்னை அம்மாவிடமே கொண்டுபோய் விடச் சொல்ல, அப்பா என்னை அடுப்புகள் இருந்த மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மா மீனைப் பார்க்கவே இல்லை. தகரக் கொட்டகைக்குள் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என்னைக் கண்டதும் இழுத்து என் கன்னத்தை வழித்தாள். அவள் கையிலிருந்த மிளகாய் பட்டு, எரியுது எரியுது என்று குதித்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொட்டகை முழுக்கப் புகைதானே என்று நினைத்தேன். குழம்பு கொதித்ததும் அவள் சட்டிக்கு மேலே கரண்டியால் ஒரு சிலுவை போட்டுவிட்டு மீன் துண்டுகளை இறக்கினாள். வீட்டில் அம்மா தினமும் செய்வதும் அதுதான். பொட்டு வைத்தவர்களும் சிலுவை போடுவார்கள் என்று ஞாயிறு வகுப்பில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

மரத்தடியில் இலை போட்டு அம்மா பரிமாறினாள். அந்தப் பெண் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மாமாவுக்கு நல்ல பசி. குழம்பு அபாரம் என்று சொல்லிச் சொல்லி மூன்றாம் தடவையும் ஊற்றச் சொன்னார். அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, அந்தக்கா பொட்டு வெச்சிருக்காங்க. ஆனா நம்ம அம்மா மாதிரியே சட்டி மேல சிலுவ போட்டாங்க."

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்பா சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து, நிறுத்தாமல் குடித்துக்கொண்டே இருந்தார். மாமா எழுந்து போய்விடுவார் என்றுதான் அம்மா பயந்திருப்பாள். மாமா எழவில்லை. குனிந்து, இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

எச்சில் இலை எடுப்பதும் அங்கே சமைக்கிற பெண்களின் வேலைதான். அந்தப் பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு மெதுவாக வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து மாமாவின் இலையில் கை வைத்தாள்.

"உடும்மா. நீ எடுக்க வேணாம்," என்றார் மாமா.

வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவர், தன் இலையை மடித்து எடுத்தார். அப்பாவின் இலையை, என் இலையை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு நடந்தார். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அதனால்தான் இலையைத் தொடவிடவில்லை என்று நினைத்தேன். இவ்வளவு நன்றாகச் சமைத்தவளை இப்படிச் சொல்லலாமா என்று எனக்கு மாமாமேல் கோபம்கூட வந்தது.

கார் மலை ஏறும்போது அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். என்னைக் கிள்ளியதற்காக அழுகிறாள் போலிருக்கிறது என்று, "வலிக்கலம்மா" என்றேன். அழுகை இன்னும் அதிகமாயிற்று. மேட்டூரில் அணையைப் பார்த்தோம், பூங்காவில் பஜ்ஜி தின்றோம்.

மறுநாள் ஏற்காடு ஏரியில் தைரியமாகப் படகு ஏறினேன், அது கூடை இல்லையே. மத்தியானம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் இலைச் சாப்பாடு. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி என் இலையை மடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அதற்கெல்லாம் இங்கே ஆள் இருக்கிறது, வைத்துவிடு என்றார் மாமா.

"அங்கயும்தான் அந்தக்கா இருந்தாங்க. அப்ப நீங்க மட்டும் எதுக்கு எடுத்தீங்க?"

மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனார். வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் இலையில் தொடாமல் இருந்த வடையை எடுத்து நான் தின்றேன்.