கடைசியில் நின்ற கோப்புகள்

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் அலுவலக யாஸ்மின் கைபேசியில் அழைத்தாள். "சார், அருள் சார் போயிட்டாரு. தூக்கத்துலயே..." என்றாள். மீனை அப்படியே கூடையில் போட்டுவிட்டு அவர் வீடு இருக்கும் கருங்குழிக்கு வண்டியைத் திருப்பினேன். வாழ்நாளில் எதையும் அவசரமாகச் செய்யாத மனுஷன், இதில் மட்டும் என்ன அவசரம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

கடலோர அலைகளின் உயரத்தைக் கணக்கிடும் எங்கள் நாவலூர் அலுவலகத்தில் அருள்தாஸும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவரோடு சாப்பிட உட்கார்ந்த நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலாளரே கூப்பிட்டாலும் ரசம் முடிந்து மோரும் முடிந்த பிறகுதான் எழுவார். அவசரப்படுத்தினால், "இன்னா மச்சான், கடலு எங்கியாவது ஓடிப்பூடுமா?" என்பார்.

அந்த நிதானம்தான் யாஸ்மினின் வேலையைக் காப்பாற்றியது. அப்போது அவள் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்த கோவளத்துப் பெண். ஆளுக்கோர் இடத்தின் அலைப் பதிவுகளை நாங்கள் கோப்புகளாகச் சேமித்து வைப்போம். கணித மென்பொருள் அவற்றைத் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொன்றாகத் திறந்து கணக்குப் போடும். அருளின் மாமல்லபுரம் முதலில், என்னுடையவை நடுவில், யாஸ்மினின் கோவளம் கடைசியில். மாமல்லபுரம் சிட்டாய்ப் பறக்கும். போகப்போக வேகம் குறைந்து, கோவளம் வந்ததும் சேற்றில் இறங்கிய மாடுபோல நின்றுவிடும். "அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா சேமிக்கத் தெரியல" என்று மேலாளர் முடிவுகட்டி, மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடலாம் என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

அருள் ஆட்டவில்லை. "யாருதுன்னு பாக்காத மச்சான், எத்தினியாவதா நிக்குதுன்னு பாரு" என்று என்னிடம் சொன்னார். எல்லாரையும் அருகே கூப்பிட்டு, தன் கோப்புகளையும் யாஸ்மினின் கோப்புகளையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார். கோவளம் பறந்தது. மாமல்லபுரம் திணறியது. "பாத்துகினீங்களா சார்? இப்ப என்னிய வூட்டுக்கு அனுப்புங்க" என்றார். மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திறக்கவைத்தார். அதற்கும் வரவர நேரம் கூடியது. திறந்த ஒவ்வொன்றின் நகலையும் மென்பொருள் விடாமல் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. பின்னால் வருவதற்கு இடமில்லை. ஒரு கோப்பு முடிந்ததும் அதன் நகலை அழிக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தார், எல்லாம் சீரானது. அந்த ரம்ஜானில் யாஸ்மின் வீட்டில் எங்களுக்கு நோன்புக் கஞ்சி. அருள் குடித்து முடிப்பதற்குள் நாங்கள் இரண்டாம் கிண்ணத்துக்குப் போய்விட்டோம்.

யாஸ்மின்தான் இன்று எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது கேட்டாள்: "சார், அன்னிக்கு உங்க ஃபைலைக் கடைசியில வெச்சிருந்தாலும் அது திணறியிருக்கும்ல?"

திணறியிருக்கும். யாருடையதை வைத்தாலும் திணறியிருக்கும். வேலை போகும் என்று பேச்சு அடிபட்ட அந்த இடத்துக்கு என்னுடையதை நகர்த்தியிருக்கலாம், கேட்க ஆளில்லை. மனுஷன் தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தார். இத்தனை நாள் பக்கத்து நாற்காலியில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அழுகை வந்தது. அதைவிட, இப்படி ஒருவரோடு சோறு தின்றிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. அவரிடமிருந்து இதை நான் வைத்துக்கொள்கிறேன்: இனி யார்மேலாவது விரல் நீட்டத் தோன்றினால், அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் முதலில் நான் போய் நிற்பேன்.