ராக்கெட்டுக்குக் கடல் எதற்கு

ஜமுனாமரத்தூர் பஸ் மலையேற்றத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. என் டிரான்சிஸ்டரில் ராக்கெட் செய்தியைக் கேட்ட மலைக்காரப் பெண் ஒருவர், "அத இன்னாத்துக்குங்க கடலோரத்துல வுடறாங்க? எங்க மலை ஒசரமாச்சே, இங்கேர்ந்து வுட்டா கிட்டக்கதான?" என்கிறார்.

விடுமுறையிலும் வாய் சும்மா இருக்காத வாத்தியார் நான். கீழே இறங்கி, பூமி கிழக்கே சுற்றுகிறது, அந்தப் பக்கமாக விட்டால் அந்த வேகமும் சேர்ந்து தள்ளும் என்று விளக்குகிறேன். அதோடு விட்டிருக்கலாம். நானே ஒரு சுற்றுச் சுற்றி, கையிலிருந்த நெல்லிக்காயைக் கிழக்கே வீசுகிறேன். அது ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் டிரைவரின் முதுகில் போய் விழுகிறது. அவர் திட்டுவதை இங்கே எழுத முடியாது.

"தப்பிப்போய் வுழுந்தா கடல்ல வுழட்டும்னுதானுங்களா?" என்று ஜன்னலில் சிரிக்கிறார் அந்தப் பெண்.

நான் அடுத்துச் சொல்லவிருந்த காரணம் அதுதான். டிரைவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டுகிறேன்.