அய்யனார் குதிரையில் கட்டிய கயிறு

வேதக்காரன், கிறிஸ்தவன், வேணுமென்றேதான் சாமியின் மண்குதிரையில் தன் குதிரையைக் கட்டினான் என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடட்டும். தேவசகாயம் கட்டியது நிஜம். மண்குதிரையின் கால் உடைந்ததும் நிஜம். அதற்குப் பயந்து ஓடிப்போனான் என்பது மட்டும் பச்சைப் பொய்.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் தட்சிணாமூர்த்தியின் தோட்டத்தில் மூன்று குதிரைகள். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு முந்திரித் தோப்பு வழியாகக் கூட்டிப்போய் வருவது தேவசகாயத்தின் வேலை. 'தானே' புயலுக்கு முந்திய அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கும். மாசியில் தோப்பு முழுக்கப் பூ வாசம். பலா வேரடியில் காய்த்துக் கிடக்கும். நிழல் கண்ட இடத்தில் இறங்குவார்கள்.

கட்டுவதில் மட்டும் அவன் பிடிவாதக்காரன். பட்ட மரத்திலோ வேலியிலோ கட்ட மாட்டான். கடிவாளத்தில் கட்டினால் மிரளும்போது வாய் கிழியும் என்று தலைக்கயிற்றில்தான் கட்டுவான். முடிச்சு நெஞ்சு உயரத்துக்குக் கீழே இறங்கினால் கயிற்றில் கால் மாட்டிக்கொள்ளும் என்பான். கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிட வேண்டும். அவன் பெண்டாட்டி ஞானமேரிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு.

"மாதா கோயில்ல எனக்குத் தாலி கட்டனப்ப கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. குதிரைக்கு மட்டும் என்னா பக்குவம் பாரு."

அந்த மார்கழியில் புயல் வந்து தோப்பையே படுக்கப் போட்டுவிட்டது. இரண்டு மாசம் கழித்துச் சவாரி திரும்ப ஆரம்பித்தபோது வழியில் கட்ட ஒரு மரம் இல்லை. தேவசகாயம் மூன்று கயிற்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பான். அன்றைக்கு ஒரு அம்மாளுக்கு மயக்கம் வந்து சேணத்திலிருந்து சரிந்தாள். அவளைத் தாங்கக் கை வேண்டுமே. அங்கே நின்றது அய்யனாரின் மண்குதிரை ஒன்றுதான். "மன்னிச்சுக்கய்யா" என்று சொல்லிவிட்டு, இரண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒன்றை அதன் முன்காலில் கட்டினான். அவளை இறக்கி உட்கார வைப்பதற்குள் பக்கத்துக் கொல்லையில் விழுந்த மரத்தை அறுக்கிற மிஷின் அலறியது. குதிரை பின்னால் துள்ளியது. முடிச்சை இழுக்க ஓடினான். அதற்குள் மண்கால் மளுக்கென்று போய்விட்டது.

பூசாரி சுப்புராயனிடம் அவனே போய்ச் சொன்னான். அவர் முகம் இறுகிப்போனது. ஆடிக்குள் புதுக்குதிரை நிற்க வேண்டும், கட்டினவனே குதிரை செய்கிற வேளார் வீட்டில் தங்கி அதற்கு மண் மிதிக்க வேண்டும் என்றார். சரி என்றுவிட்டான்.

தட்சிணாமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. புயலிலேயே உடைந்து கிடந்தது என்று சொல்லச் சொன்னார். ஒத்துக்கொண்டால் அந்த வழியில் இனிமேல் சவாரி போக ஊர் விடாது, அப்புறம் குதிரைக்காரன் எதற்கு என்றார். அவனுக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

"கட்டனது எங் கை, மொதலாளி. புயல்மேல எப்புடிச் சொல்லுவேன்?"

"அப்போ குதிரைய மறந்துடு. இந்த வாசப்படி மிதிக்காத."

குதிரைக் கொட்டாயில் மூன்றுக்கும் தண்ணீர் காட்டினான். மிரண்ட குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, வாசலைத் தாண்டி வேளார் வீட்டுப் பக்கம் நடந்தான்.